நாயின் வயிறும் பசுவின் வயிறும்

யாப்பிலக்கண வகுப்பில் ‘அசை’ என்னும் சொல்லை ஓர் ஆண்டில் எத்தனை முறை உச்சரிக்கிறோம் என்று கணக்கெடுத்தவர் எவரும் இலர். எழுத்து அசையாகும், அசை சீராகும், சீர் அடியாகும் என மாணவர்க்கு ஓயாது உரைத்து வருகிறோம். தொழுவத்தில் படுத்துக் கண்களைப் பாதி மூடியவாறு வாயசைக்கும் பசுவின் செயலுக்கும் தமிழர் இச்சொல்லையே வழங்கினர். சங்கப் பாடல்களில் இது ‘மெல்கிடுதல்’ எனப்படும். நாய்க்கு அசை போடுதல் இல்லை. அது கவ்வும், கிழிக்கும், விழுங்கும். மாடு மேயும், அணில் கொறிக்கும், கோழி கொத்தும். ஒவ்வோர் உயிரும் உண்ணும் முறைக்கு ஒவ்வொரு வினைச்சொல்லை வழங்கிய நம் முன்னோர், அவ்வுயிர்களை எத்துணைக் கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும்! அச்சொற்களை நன்கு அறிந்திருந்த யாம், அவற்றின் உட்பொருளை அறியாதிருந்தோம் என்பதை எம் இல்ல வாயிலில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்திற்று. தமிழ்த்துறை மலரில் வயிற்றைப் பற்றிய கட்டுரை எதற்கு என வினவுவோர்க்கு அந்நிகழ்ச்சியே விடையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் இல்லத்தில் ஒரு திருமணம் நடைபெற்றது. அன்று காலை முதல் பெய்த மழையால் விருந்தினருள் ஒரு பகுதியினர் வர இயலாமற் போயிற்று. வந்தோர் உண்டதும், தெருவில் உள்ளோர்க்குப் பகிர்ந்தளித்ததும் போக, வெறுஞ்சோறு ஓர் அண்டா நிறைய எஞ்சியது. சோற்றை வீணாக்குதல் ஆகாது என்று கேட்டு வளர்ந்த குடும்பம் எம்முடையது. தெருக்கோடியில் இரு பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்து வந்தார் ஒரு மூதாட்டி. எம் வீட்டிற்கும் அவர் பால்தான். ஒரு பசு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. மற்றொன்று தொழுவத்தில் நின்றது. நின்ற பசுவின் முன் இரண்டு பெரிய வாளி நிறையச் சோற்றை யாமே கொண்டுபோய் வைத்தோம். அது தலை நிமிராமல் தின்றது. பார்க்க நிறைவாக இருந்தது. சகன்களில் மிஞ்சிய எலும்பும் இறைச்சித் துணுக்கும் சோறும் தெருநாய்கள் நான்கினுக்குப் போயின.

மறுநாள் காலை நாய்கள் பந்தற்காலின் நிழலில் கிடந்தன. அவற்றுள் ஒன்று இருமுறை கக்கிவிட்டுப் பின் எழுந்து தன் வழியே சென்றது. பசுவோ எழவில்லை. அதன் இடப்பக்க வயிறு புடைத்திருந்தது, கண்கள் உள்வாங்கியிருந்தன, சாணம் நீராகப் புளித்த நாற்றத்துடன் கழிந்தது. கால்நடை மருத்துவர் மாலையில் வந்தார். இயன்றதெல்லாம் செய்தார். மூன்றாம் நாள் விடியலில் பசு இறந்தது. “நல்லதுன்னுதானே தம்பி குடுத்தீங்க” என்று அம்மூதாட்டி சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பசுவின் விலையை யாம் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமலேயே முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஒரே சமையற்கட்டில் வெந்த சோறு. நாய்க்கு அது விருந்தாயிற்று, பசுவுக்கு நஞ்சாயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது? அன்று மருத்துவர் தொழுவத்துக் கல்லில் அமர்ந்து சொன்னவற்றையும், அதன்பின் யாம் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துரைக்க விழைகிறோம்.

செரித்தல் என்பது யாது?

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், முன்னர் உண்டது அற்றபின் உண்ணுதலைப் பெரிதும் வலியுறுத்துகிறது. ‘அறுதல்’ என்னும் சொல்லே அங்குச் செரித்தலைக் குறிக்கிறது. இன்றைய அறிவியலும் ஏறத்தாழ இதனையே கூறுகிறது எனலாம். உணவில் உள்ள பெரிய மூலக்கூறுகள் அறுபட்டுச் சிறியனவாக வேண்டும். மாவுப்பொருள் அறுந்து குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக வேண்டும். புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பமிலங்களாகவும் ஆகவேண்டும். அப்பொழுதுதான் அவை குடற்சுவரைக் கடந்து உடலிற் சேரும். இவ்வாறு அறுக்கும் கத்திகளே நொதிகள்.

இங்கு ஒரு விந்தை உண்டு. சோற்றில் உள்ள மாவுப்பொருளும் வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகளே. மணிகளை இணைக்கும் முடிச்சு மட்டும் வேறு. எழுத்துகள் ஒன்றாயிருந்தும் புணர்ச்சி வேறுபட்டால் சொல் வேறாகிவிடுவது போன்றது இது. மாவுப்பொருளின் முடிச்சை அவிழ்க்கும் நொதி நமக்கும் நாய்க்கும் பசுவுக்கும் உண்டு. செல்லுலோஸின் முடிச்சை அவிழ்க்கும் நொதியோ மனிதனிடமும் இல்லை, நாயிடமும் இல்லை. புல்லையே தின்று வாழும் பசுவின் உடலும் அதனைச் சுரப்பதில்லை! பின் பசு எவ்வாறு வாழ்கிறது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம். முதலில் நாயைக் காண்போம்.

நாய்

வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று உராய்ந்து கத்தரிக்கோலைப் போல் இயங்குகின்றன. நாய் எலும்பைக் கடிக்கும்பொழுது தலையைச் சாய்த்து வாயின் ஓரத்திற்குத் தள்ளுவதைப் பலரும் கண்டிருப்பர்; அக்கத்தரி இருக்குமிடம் அது. நாயின் தாடை மேலும் கீழும் இயங்குமேயன்றி, மாட்டின் தாடையைப் போலப் பக்கவாட்டில் அரைக்காது. அதன் உமிழ்நீரில் மாவுப்பொருளைச் செரிக்கும் நொதி இல்லை எனலாம். நம் வாயில் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அந்நொதியின் செயலால். நாய்க்கு அப்பயன் இல்லை. ஆதலால் மெல்லவேண்டிய தேவையும் இல்லை. அதன் உமிழ்நீர் உணவை வழுக்கி உள்ளே அனுப்பும் எண்ணெய் போன்றது. நாய் அவக்அவக்கென விழுங்குவதைப் பேராசை என்று இகழ்கிறோம். அதன் வாயின் அமைப்பே அதுதான்.

வாய் செய்யாததை இரைப்பை செய்கிறது. நாயின் உணவுப்பாதை முழுவதன் கொள்ளளவில் பாதிக்கு மேற்பட்டது இரைப்பையே. அது பெரிதும் விரியக்கூடியது. வேட்டை கிடைத்த நாளில் வயிறு புடைக்க உண்டு, கிடைக்காத நாள்களில் பட்டினி கிடந்த ஓநாயின் வழித்தோன்றல் அல்லவா? இரைப்பையில் ஊறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கடுமையானது. பச்சை எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கவல்லது. அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகளுள் பெரும்பகுதியையும் மாய்ப்பது. நாயின் குடலோ குறுகியது. அதன் உடல் நீளத்தைப் போல் ஐந்தாறு மடங்கே இருக்கும். மாட்டின் குடல் ஏறத்தாழ இருபது மடங்கு. ஆட்டின் குடல் இருபத்தைந்து மடங்கிற்கும் மேல். இறைச்சி எளிதில் அறும் பொருள். அதற்கு நெடும்பாதை வேண்டுவதில்லை.

நாய்க்குக் கக்குதலும் எளிது. ஓநாயினத்தில் தாயும் உடன் வாழும் பிறவும் வேட்டையாடி உண்டதை வயிற்றிற் சுமந்து வந்து, குட்டிகள் வாயை நக்கியதும் கக்கி ஊட்டும். வீட்டு நாய் நம் முகத்தை நக்க எம்பிக் குதிப்பது அக்குட்டிப் பழக்கத்தின் எச்சம் என்பர். அன்று எம் வாயிலில் ஒரு நாய் கக்கிவிட்டுத் தப்பியதற்கும் இவ்வமைப்பே காரணம்.

செரிமானம் பற்றி மனிதகுலம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி நாய்களின் வயிற்றிலிருந்து பெற்றதாகும் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் செல்லுதல் நன்றியன்று. வயிறு உணவை அம்மிபோல் அரைக்கிறதா, அன்றி ஏதேனும் நீர்மத்தால் கரைக்கிறதா என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலும் வழக்காக இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் 1752இல், இறைச்சி இட்ட உலோகக் குழாயைப் பருந்தொன்றினை விழுங்கச் செய்து, அது கக்கியபின் எடுத்துப் பார்த்தார். குழாய் நசுங்கவில்லை, இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் உருசிய அறிஞர் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு ஆய்ந்தார். மணியோசைக்கு உமிழ்நீர் ஊறிய நாயைக் கொண்டே பலரும் அவர் பெயரை நினைவிற் கொண்டுள்ளனர். ஆனால் 1904ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது செரிமானம் பற்றிய ஆய்விற்கே. நாயின் உணவுக்குழலைக் கழுத்தில் வெளித்திறந்து வைத்து, விழுங்கிய உணவு வயிற்றை அடையாமல் வெளியே விழுமாறு அவர் செய்தார். நாய் உண்டுகொண்டேயிருக்கும்; வயிறு வெறுமையாகவே இருக்கும். ஆயினும் வெறும் வயிற்றில் அமிலநீர் பெருக்கெடுத்தது. உணவு வயிற்றைத் தொடுமுன்னரே, மூளை நரம்பின் வழியே வயிற்றுக்கு ஆணையிடுகிறது என்பது இதனால் விளங்கிற்று. இவ்வாறு திரட்டிய நாயின் இரைப்பைநீர், செரியாமையால் வருந்திய மனிதர்க்கு மருந்தாக விற்கப்பெற்றதும் உண்டு. 1935இல் அந்நகரில் நாய்க்கென ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பெற்றது. அந்நாய்கள் பட்ட துன்பத்திற்கு அது ஈடாகுமா என்பது வேறு வினா.

இனி, இறைச்சியுண்ணியின் வயிறு சோற்றை எவ்வாறு ஏற்றது? இவ்வினாவிற்கான விடை 2013ஆம் ஆண்டில்தான் தெளிவாகக் கிடைத்தது. சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டனர். கணையத்தில் சுரந்து மாவுப்பொருளை அறுக்கும் அமைலேஸ் என்னும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருந்தன. நாய்களிடமோ நான்கு முதல் முப்பது படிகள் வரை இருந்தன. பழைய ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவாறு இயற்கை அம்மரபணுவைப் பன்முறை படியெடுத்து வைத்திருக்கிறது! உழவன் தானியம் விளைத்து உண்டு எறிந்த எச்சத்தைச் செரிக்க வல்ல நாய்களே ஊர்ப்புறத்தில் பிழைத்துப் பெருகின என்பது ஆய்வாளர் கருத்து. உழவில்லாத ஆஸ்திரேலியக் காட்டில் வாழும் டிங்கோ நாயிடம் ஓநாயைப் போல் இரண்டு படிகளே காணப்பட்டமை இக்கருத்துக்கு அரண் செய்கிறது. நம் சோற்றை உண்டு உண்டு நாயின் உடலே மாறியிருக்கிறது. நன்றிக்கு நாயை எடுத்துக்காட்டும் நாம், இந்த மாற்றத்தை அறிந்திருந்தோம் அல்லோம்.

எனினும் நம் உணவெல்லாம் நாய்க்கு ஆகும் என எண்ணிவிடலாகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. வேகவைத்தாலும் அத்தீங்கு நீங்குவதில்லை. பிரியாணியிலும் தாளிச்சாவிலும் வெங்காயம் எவ்வளவு என்பதை நம் இல்லத்தார் அறிவர். சாக்லேட்டும் திராட்சையும் தீயன. பச்சை எலும்பு வளைந்து நொறுங்கும். வெந்த எலும்போ, அதிலும் கோழியின் எலும்பு, ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். அன்று எம் வாயிலில் நாய்கள் பிழைத்தது அவற்றின் நற்பேறேயன்றி எம் அறிவுடைமையன்று.

பூனையைப் பற்றி ஒரு சொல். நாய் நம்மோடு சோற்றுக்கு மாறியது போலப் பூனை மாறவில்லை. டாரின் என்னும் பொருளை இறைச்சியிலிருந்து பெற்றாக வேண்டிய உடல் அதனுடையது. பெறாவிடின் கண் குருடாகும், இதயம் தளரும். இனிப்பை உணரும் சுவையுறுப்பின் மரபணு பூனையினத்தில் பழுதுபட்டிருப்பதை 2005இல் கண்டறிந்தனர். பூனைக்குப் பாயசம் வைப்பது பயனற்ற அன்பு.

பசு

பக்ரீத் பெருநாளன்று ஆட்டுக் குடலைக் கழுவும் எம் வீட்டு மகளிர்க்கு அசைபோடும் விலங்கின் வயிற்றமைப்பு கைப்பழக்கமாகத் தெரியும். துவாலை போன்று துய்யுடன் இருப்பது ஒரு பகுதி. தேனடை போன்று கட்டம் கட்டமாக இருப்பது ஒன்று. ஏடு ஏடாக அடுக்கியிருப்பது ஒன்று. வழவழப்பாக இருப்பது ஒன்று. ஏடு ஏடாக உள்ளதை எம் உம்மா ‘புத்தகம்’ என்றே சொல்வார். விலங்கியல் நூல்கள் இவற்றை முறையே ரூமென், ரெட்டிகுலம், ஒமேசம், அபொமேசம் என்கின்றன. முதல் மூன்றும் அமிலம் சுரப்பதில்லை. நான்காவதே நாயின் வயிற்றையும் நம் வயிற்றையும் ஒத்த மெய்யான இரைப்பை.

இந்நான்கனுள் பெரிது முதலாவது. பசுவின் இடப்பக்க விலா முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருக்கும். 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இதனை வயிறு என்பதினும் ஊறல் தொட்டி என்பது பொருந்தும். அதன் நீர்மத்தில் ஒரு துளியை எடுத்தால் பலகோடி பாக்டீரியாக்கள் இருக்கும். இவையே செல்லுலோஸின் முடிச்சை அவிழ்ப்பன. பசு புல்லைத் தின்கிறது. புல்லை இந்நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவை வெளிவிடும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் தொட்டியின் சுவர்வழியே இரத்தத்தில் ஏறுகின்றன. பசுவின் உடல் பெறும் ஆற்றலில் பெரும்பகுதி இவ்வமிலங்களிலிருந்தே வருகிறது. பின்னர் நுண்ணுயிர்களுள் ஒரு பகுதி நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு அங்கே தாமே செரிமானமாகின்றன. பாலில் உள்ள புரதத்தின் மூலம் பெரிதும் அவையே. புல்லுண்ணும் பசு ஒருவகையில் நுண்ணுயிருண்ணும் பசுவுமாகும்!

பசுவுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாவால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லால் அழுத்தி, பறித்து விரைந்து விழுங்கும். பின்னர் நிழலில் படுத்து, விழுங்கியதைக் கவளம் கவளமாக வாய்க்குக் கொணர்ந்து ஒவ்வொன்றையும் ஐம்பது அறுபது முறை மெல்லும். நாளில் எட்டு மணி நேரம் இவ்வாறு கழியும். சோம்பல் போலத் தோன்றும் இவ்வேளையில் அது செய்யும் வேலை பெரிது. ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேற்பட்ட உமிழ்நீர் ஊறுகிறது. அதில் சமையற்சோடாவை ஒத்த காரப்பொருள் கலந்துள்ளது. தொட்டியில் ஓயாது உண்டாகும் அமிலத்தை அக்காரம் தணிக்கிறது. அசை நின்றால் உமிழ்நீர் குறையும். உமிழ்நீர் குறைந்தால் அமிலம் மிகும். அசை போடாத மாட்டை நோயுற்ற மாடு என்று நம் ஆயர் கண்ட குறி எத்துணை உண்மையானது!

இனிச் சோற்றுக்கு வருவோம். வைக்கோல் மெல்ல ஊறி மெல்ல அறும் பொருள். நாள் முழுதும் எரியும் வரட்டி போன்றது. வெந்த சோறோ பஞ்சில் பற்றிய நெருப்பு. பழக்கமில்லாத பசு மிகுந்த சோற்றை ஒரே வேளையில் தின்றதும், மாவுப்பொருளை விரும்பும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பன்மடங்கு பெருகுகின்றன. அவை லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. சோற்றில் நார் இல்லை. ஆதலால் அசை போட ஒன்றுமில்லை. ஆதலால் காரமான உமிழ்நீரும் வந்து சேர்வதில்லை. தொட்டி புளிக்கிறது. புல்லைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அப்புளிப்பைத் தாங்காமல் மடிகின்றன. உப்பிட்ட காயில் நீர் கசிவது போல, உடலில் உள்ள நீரெல்லாம் தொட்டிக்குள் இழுக்கப்படுகிறது. அதனாலேயே கண்கள் உள்வாங்கின, சாணம் நீராயிற்று. இறுதியில் அமிலம் இரத்தத்தில் ஏறி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. பசு கக்கியும் தப்ப இயலாது. நாய்க்குள்ள அவ்வழி அதற்கு இல்லை.

“கழுநீர்த் தொட்டியில் சோறும் கஞ்சியும் போடுவது காலங்காலமாக உள்ள வழக்கமாயிற்றே” என்று யாமும் மருத்துவரிடம் வினவினோம். நாள்தோறும் சிறிது போட்டால் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிக்கொள்ளும் என்றார். ஒரு பிடி சோறு உணவு. இரு வாளிச் சோறு, அதுவும் திடீரென, நோய்.

அன்று அவர் சோடா உப்பைக் கரைத்துக் குழாய்வழி உட்செலுத்தினார், நரம்பில் நீரேற்றினார். பின்னர் மேய்ச்சலினின்று திரும்பிய மற்றைப் பசுவின் முதல் வயிற்றிலிருந்து குழாயின் வழியே அசைநீரை எடுத்து, நோயுற்ற பசுவுக்குப் புகட்டினார். மடிந்துபோன நுண்ணுயிர்களுக்கு மாற்றாக உயிருள்ளவற்றைக் குடியேற்றும் முறை அது. பாலுக்குப் பிரை ஊற்றுவதற்கு ஒப்பானது. முந்தைய இரவே அழைத்திருந்தால் வயிற்றைத் திறந்து சோற்றை வாரி எடுத்திருக்கலாம் என்றார். இரவெல்லாம் மூதாட்டி தொழுவத்தில் விழித்திருந்தார். யாமோ திருமணக் களிப்பில் உறங்கினோம்.

அறுவை செய்த மாடுகளின் வயிற்றில் தாம் கண்ட பாலித்தீன் பைகளைப் பற்றியும் அவர் சொன்னார். காய்கறித் தோலைப் பையில் கட்டித் தெருவில் எறிகிறோம். பசு பையோடு விழுங்குகிறது. நாவால் சுருட்டி விழுங்கும் விலங்கு பிரித்துப் பார்த்து உண்பதில்லை. நுண்ணுயிர்களாலும் பாலித்தீனின் முடிச்சை அவிழ்க்க இயலாது. அது பந்தாகத் திரண்டு வழியை அடைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பசு தின்றுகொண்டே மெலியும்.

பிற உயிர்கள்

தொட்டியைக் குடலின் பின்புறத்தில் வைத்துக்கொண்ட விலங்குகளும் உள. குதிரையின் இரைப்பை சிறிது; புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடலில் உறைகின்றன. குதிரையால் கக்கவும் இயலாது. ஆதலால் வயிற்றுவலி கண்ட குதிரை பிழைப்பது அரிது எனப் பழங்காலக் குதிரைப்பாகர் அஞ்சினர். முயலுக்கும் தொட்டி பின்புறமே. அங்கு விளைந்த சத்தைக் குடல் உறிஞ்சுமுன் வெளியேறிவிடுமாகையால், மென்மையான ஒருவகைப் புழுக்கையை முயல் தானே தின்று இரண்டாம் முறை செரிக்கிறது. அருவருப்பன்று; அது முயலின் அசை. கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கிய மணற்கற்கள் இரைப்பையை அடுத்த தசைப்பையில் தங்கி, தானியத்தை அரைத்துக் கொடுக்கும் அம்மியாகின்றன.

யானை உண்டதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. எஞ்சிய நாரும் விதையும் இலத்தியாக வெளியேறிக் காடு வளர்க்கும். ‘யானை உண்ட விளங்கனி’ என்று நம்மிடையே ஓர் உவமை உண்டு. ஓடு உடையாமல் உள்ளீடு மட்டும் மறைந்துவிடும் என்பது அதன் பொருள். யானையின் வயிற்றுக்கு அத்தகைய மாயம் தெரியாது. அவ்வுவமையில் வரும் யானை என்பது விளாங்காய்க்கு வரும் ஒரு நோயின் பெயர், தேங்காய்க்குத் தேரை போல, என்று உரைப்பாரும் உளர். எமக்கு அவ்வுரையே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

அண்மையில் எம் இல்லத்தில் மற்றொரு திருமணம் நடைபெற்றது. அம்மூதாட்டி இப்பொழுது இல்லை. அவருடைய மகன் மாடு வைத்திருக்கிறார். அன்று பிழைத்திருந்த பசுவின் கன்று இன்று கறவைப் பசு. இம்முறையும் சோறு மிஞ்சியது. வெந்த எலும்புகளைக் குழிதோண்டிப் புதைத்தோம். வெங்காயம் படாத சோற்றில் சிறிது நாய்களுக்கு வைத்தோம். மகன் வாளியுடன் வந்து நின்றார். இரண்டு அகப்பைச் சோறு மட்டும் போட்டு, தவிட்டிலும் வைக்கோலிலும் கலந்து வைக்குமாறு சொன்னோம். “அம்மா சொல்லிருக்காங்க சார்” என்றார் அவர். எஞ்சிய சோற்றை மகளிர் உப்பும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து, மறுநாள் காலை மொட்டைமாடியில் வடகமாகப் பிழிந்தனர். மூன்று நாள் வெயிலில் அது காய்ந்தது. அதில் ஒரு தூக்கு நிறைய அவர் வீட்டிற்கும் போயிற்று.